நீர்க்கணக்கு

ஜிந்தர் நகர மருத்துவமனையில்
இரவுப் பணி எனக்கு.
மணிக்கொரு முறை கட்டிலுக்கடியில் குனிந்து
பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறதென்று பார்ப்பேன்.
தாளில் இரண்டே பத்தி:
உள்ளே போனது, வெளியே வந்தது.
அப்சத்து, உனக்கு என்ன வேலை என்று
சந்தையில் யாராவது கேட்டால்
கணக்குப்பிள்ளை என்பேன்.
எதற்குக் கணக்கு என்று சொல்வதில்லை.

டேலு வந்த அன்று அவள் நாக்கு
வெயிலில் கிடந்த தோல்வார் போலிருந்தது.
தண்ணீர் கொடுத்தேன்.
உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.
குடித்தால் ஒழுகும், ஒழுகினால் நாறும்,
நாறினால் பேருந்திலிருந்து இறக்கிவிடுவார்கள்:
ஒன்பது வருஷமாக மனப்பாடம்.
குடிக்காமலிருந்தால் மட்டும் விட்டதா?
நீர் குறையக் குறைய உப்பு ஏறி
தொடையெல்லாம் சுண்ணாம்பு பட்ட புண்.

சிறுநீரகங்கள் மேல் குற்றமில்லை.
முதுகின் இரு பக்கமும், கைப்பிடி அளவில்,
நாளுக்கு நூற்றெண்பது லிட்டர் அலசி
ஒன்றரை லிட்டரை மட்டும் கீழே அனுப்புகிறவை.
அவள் தாகத்தோடு கிடந்த நாட்களில்
கஞ்சர்களாக மாறி
சொட்டுச் சொட்டாய் நீரை உள்ளேயே திருப்பி
அவளை உயிரோடு வைத்தவை.
ஓட்டை வழியில்தான்.

மூன்று பகல், மூன்று இரவு நடந்த பிரசவம்.
பதினாறு வயது இடுப்பெலும்பு இடம் விடவில்லை.
தலை ஒரு பக்கம், எலும்பு மறுபக்கம்,
நடுவில் மாட்டிய மெல்லிய சதைக்கு
இரத்தம் போக வழியில்லை.
குழந்தை அசையாமல் பிறந்தது.
ஏழாம் நாள் செத்த சதை கழன்று விழ
பாய் நனைந்தது. அப்புறம் காயவே இல்லை.
இதைச் சொல்லும்போது குழந்தையை
"அவன்" என்றாள். ஒரே ஒரு முறை.

குழாய் வழியே நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தோம்.
உள்ளே வைத்த மூன்று பஞ்சில் நடுப்பஞ்சு
நீலமாக வந்தது. டாக்டர் ஹருனா
சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார், இவ்வளவுதான் என்று.
டேலு அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஒரு புருஷன், இரண்டு ஆடு, ஒரு கூரை,
எல்லாம் இது வழியாகவா போச்சு?"

தைத்தார்கள்.
பதினான்கு நாள் குழாய், நாளுக்கு நாலு லிட்டர் தண்ணீர்.
குடி என்றால் முறைப்பாள்.
ஓடுகிற நீர்தான் தையலைக் காக்கும் என்று
நானும் முறைப்பேன்.
ஹர்மட்டான் தூசி ஜன்னலில் படிய
குவளை குவளையாக விழுங்கினாள்,
கசப்பு மருந்தைப் போல, மூக்கைப் பிடித்துக்கொண்டு.

பக்கத்துக் கட்டில் சவுதேவுக்கு இது மூன்றாவது தையல்.
பத்தாம் நாள் விடியலில் விரிப்பு நனைந்திருந்தது.
உள்ளே மூவாயிரம். பையில் எண்பது.
மீதியை எந்தப் பத்தியில் எழுதுவதென்று
எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
விரிப்பை மாற்றினேன்.
அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குழாயை எடுத்த அன்று மதியம்
டேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:
"அப்சத்து, உள்ளே என்னமோ முட்டுது,
கனமாக, கீழ்ப்பக்கம், தையல் பிரியுது!"
தொட்டுப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.
"அடி, உனக்கு மூத்திரம் வருது."
அவள் வாய் திறந்தபடியே நின்றது.
நட என்றேன். நடந்தாள்.
கழிப்பறை வாசலில் போய் நின்றுவிட்டாள்.
அடக்கி வைக்காதே, தையலுக்கு ஆகாது
என்று நான் கத்தக் கத்த
"கொஞ்சம் இரு" என்றாள்,
"இது என்கிட்ட நிக்குது.
நான் சொன்னா நிக்குது."

இருநூற்றைம்பது மில்லி.
வெளிச் சேலையில் ஒரு சொட்டு இல்லை.

சாயங்காலம் வாசல் டீக்காரன்
மூன்றாம் சுற்று ஊற்றிக்கொண்டிருந்தான்,
இருப்பதிலேயே இனிப்பான சுற்று.
எனக்கு ஒன்று என்றாள் டேலு.
சின்னக் கண்ணாடிக் குவளை, அறுபது மில்லி.
முதல் பத்தியில் எழுதிக்கொண்டிருந்தபோது
சுவர்ப் பக்கமிருந்து ஒரு கை நீண்டது.
"எனக்கும்" என்றாள் சவுதே,
இந்தப் பக்கம் திரும்பாமலே.